வலப்புற மௌனம்

ராயபுரம் கடற்கரையில் மீன் விற்கும் பெண்களுக்கு ஒரு கொட்டகை கட்டித் தருவதாக அரசாங்கம் ஒப்புக்கொண்டது சுதந்திரம் வந்த மறு வருஷம். கொட்டகை எப்படி இருக்க வேண்டும் என்பதில் அந்தப் பெண்களுக்குச் சந்தேகமே இல்லை. தலைக்கும் மழைக்கும் நடுவில் ஏதாவது இருந்தால் போதும் என்றார்கள். இவ்வளவு சுலபமாகச் சொல்லப்பட்ட காரியத்தை வடகரை அபிவிருத்தி இலாகா அதுவரை கண்டதில்லை. எனவே அது யோசிக்கத் தொடங்கியது.

இலாகாவில் மனோகரன் டிரேசராக இருந்தான். மற்றவர்கள் போட்ட கோட்டின் மேல் மெல்லிய துணியை விரித்து அதே கோட்டை மறுபடியும் போடுவது அவன் உத்தியோகம். மிச்ச நேரத்தில் மூர் மார்க்கெட்டில் வாங்கிய மொழிபெயர்ப்பு நாவல்களைப் படிப்பான். அவற்றில் வரும் பெண்கள் துக்கம் வந்தால் பளிங்குத் தூணில் சாய்ந்து நின்று அழுவார்கள். அவன் அம்மா பச்சையம்மாவுக்குச் சாய்ந்து கொள்ள ஒன்றும் இல்லை. அவள் கடற்கரையில் மீன் கூடையின் முன்னால் குந்தியிருந்தாள். போன ஐப்பசி மழையில் நனைந்து அவளுக்கு மாதக்கணக்கில் காய்ச்சல் கண்டது. இனி மழையில் உட்காரக்கூடாது என்று டாக்டர் சொன்னார். "அத்த மீனாண்ட போய் சொல்லு" என்று அவள் எழுந்து வந்துவிட்டாள். இருமல் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

கொட்டகைக்கு இடம் இருந்தது, அனுமதி இருந்தது. வரைபடத்தில் கையெழுத்துப் போட ஆள்தான் இல்லை. இலாகாவின் வரைபடக்காரர் டெல்லிக்கு மாற்றலாகிப் போயிருந்தார். செவ்வியல் கட்டட உறுப்புகளை வரைந்து சான்றிதழ் பெற்றவர்தான் அரசாங்கக் கட்டடத்தின் படத்தில் கையெழுத்திடலாம் என்பது விதி. அந்த விதியை வெள்ளைக்காரன் எழுதினான். அவன் எழுதியவற்றுள் இன்னும் நடைமுறையில் இருப்பவற்றில் இதுவும் ஒன்று. எஞ்சினியர் மனோகரனைக் கூப்பிட்டு, டோல்கேட்டில் உள்ள சித்திரக் கலாசாலையில் சேர்ந்து தூண் வரைந்து தேறிவிட்டு வந்தால் அவனையே கையெழுத்துப் போட வைத்து ஐப்பசிக்குள் கொட்டகையை எழுப்பிவிடலாம் என்றார். தூண் என்ற வார்த்தையைக் கேட்டதும் மனோகரனுக்கு உடம்பு சிலிர்த்தது. தை மாதம் போய்ச் சேர்ந்தான்.

கலாசாலை ஒரு பழைய உப்புக் கிடங்கில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே நடுக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஏதோ ஒன்று துணி போர்த்திக்கொண்டு நின்றது. அதற்கு 'மாதிரி' என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் சீமையிலிருந்து கப்பலில் வந்த பளிங்குத் தூண் அது. முன்பு சிவப்பு வெல்வெட் போர்த்தியிருந்தார்கள். ஆகஸ்டு பதினைந்துக்குப் பிறகு கதர் போர்த்தினார்கள். சுதந்திரத்தால் கலாசாலையில் ஏற்பட்ட மாறுதல் அது ஒன்றுதான்.

முதல்வர் தேவப்பிரியம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கோட்டின் மேல் அங்கவஸ்திரம் போட்டிருப்பார். புதிய மாணவர்களைப் பார்த்து அவர் ஆற்றிய வரவேற்புரையைக் கேட்டுக்கொண்டு மாணவர்கள் கைகட்டி நின்றார்கள். "வெள்ளைக்காரன் ரயிலை விட்டுவிட்டுப் போனான், கிரிக்கெட்டை விட்டுவிட்டுப் போனான் என்பார்கள். அவையெல்லாம் அசையும் பொருள்கள். தூண் அசையாது. இந்தக் கலாசாலையும் அப்படித்தான். நான் வந்த நாள் முதல் இங்கே எதுவும் அசைந்ததில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

பயிற்சி முறை எளிமையானது. முதல் பருவத்தில் மாதிரியின் துணி கணுக்கால் வரை தூக்கப்படும். மாணவர்கள் அடிப்பீடத்தை வரைவார்கள். இரண்டாம் பருவத்தில் துணி கழுத்து வரை ஏறும். அப்போது தண்டு. தலை கடைசிப் பருவத்தில்தான். துணியைத் தூக்கும் உரிமை சுயம்பு என்ற பியூனுக்கு மட்டும் உண்டு. அவன் மணியடித்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தூக்குவான். முன் வரிசை, பலமுறை தேறாதவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அது மரியாதை நிமித்தம். புதியவர்கள் பின் வரிசையில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவர்களின் முதுகுகளுக்கு நடுவில் தெரிகிற பீடத்தை வரைந்தார்கள். முன் வரிசையில் லட்சுமணன் என்ற பெரியவர் இருந்தார். அவருடைய மகன் அதே கலாசாலையில் படித்துத் தேறி, இப்போது அவர் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தான். வீட்டில் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று சுயம்பு சொன்னான்.

மனோகரன் வட்டமும் அரைவட்டமும் குழிவும் போட்டுப் பழகினான். வீட்டில் அம்மாவுக்குக் காட்டினான். "இன்னாடா இது, குந்தற மனையா?" என்று அவள் கேட்டாள். தூணின் கால் என்றான். "கால வெச்சி நான் இன்னா பண்றது? மேல எப்போ வருவே?" என்றாள். கூரை எந்தப் பருவத்தில் வரும் என்று அவனுக்கும் தெரியவில்லை. இரண்டாம் பருவத்தில், தண்டின் நடுப்பகுதி லேசாக உப்பியிருப்பது ஏன் என்று தேவப்பிரியம் விளக்கிக்கொண்டிருந்தபோது துணிந்து கேள்வி கேட்கத் தொடங்கினான்.

உப்பல், சுமை தாங்குவதன் அறிகுறி என்றார் அவர். தாங்கும் மனிதனின் தசை புடைப்பதைப் போல. நம்முடைய மாதிரி எந்தச் சுமையைத் தாங்குகிறது என்று மனோகரன் கேட்டான். அது எந்தச் சுமையையும் தாங்கவில்லை என்றும், அப்படியிருந்தும் உப்பியிருப்பதுதான் அதன் பெருமை என்றும் பதில் வந்தது. தூணுக்கு மேல் என்ன வரும் என்றான். தலை வரும். அதற்கு மேல் உத்தரம் வரும், அது பலகையில் சாக்கட்டியால் வரைந்து காட்டப்படும்.

"அதுக்கு மேல சார்?"

"அதற்கு மேல் பரீட்சை வரும்" என்றார் தேவப்பிரியம். பிறகு, பையன் ஏழை வீட்டுப் பிள்ளை என்று நினைவு வந்தவராகக் கனிவுடன் சொன்னார். "தம்பி, கிரேக்கர்களின் தூண்கள் இன்றைக்கும் நிற்கின்றன. கூரைகள் விழுந்துவிட்டன. விழுந்து போனதை ஒரு பொறுப்புள்ள கலாசாலை கற்பிக்கலாமா?"

ஆவணியில் தலை திறக்கப்பட்டது. அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். சுயம்பு மணியடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கதரை இழுத்தான். தூணின் தலை தெரிந்தது. இடப்பக்கத்தில் ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல அழகான ஒரு சுருள், உள்ளே உள்ளே சுற்றிக்கொண்டு போயிற்று. வலப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. சுருள் இருக்க வேண்டிய இடம் சொரசொரவென்று, வெல்லக் கட்டியைக் கடித்த மாதிரி இருந்தது.

மனோகரனுக்கு அப்போதுதான் ஒரு விஷயம் விளங்கியது. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பல கட்டடங்களின் முகப்பில் இதே மாதிரி வலப்பக்கம் மொட்டையான தூண்கள் இருந்தன. ஒரு மண்டி, ஒரு வக்கீல் வீடு, ஒரு சினிமாக் கொட்டகை. எம்டன் கப்பல் போட்ட குண்டில் பெயர்ந்தது என்று சின்ன வயதில் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள், எம்டன் வந்துபோய்ப் பல வருஷம் கழித்துக் கட்டிய கட்டடங்களையும் சேர்த்து. அவையெல்லாம் இந்தக் கலாசாலையில் தேறியவர்கள் வரைந்தவை.

அவன் கண்ணால் கண்டதை நம்பாமல், நாவல்களின் அட்டைப் படங்களில் பார்த்ததை நினைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் சுருள் போட்டு வரைந்தான். அந்தப் படம் தேவப்பிரியத்தின் மேஜைக்குப் போயிற்று. வகுப்பின் நடுவில் அவனை எழுந்து நிற்கச் சொன்னார்கள்.

"இந்தப் பக்கம் ஏன் சுருள் போட்டாய்?"

அங்கே உடைந்திருக்கிறது சார் என்றான். முன் வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"உடைந்திருக்கிறது என்ற சொல்லை இந்தக் கூடத்தில் யாரும் சொன்னதில்லை" என்றார் தேவப்பிரியம். "இதற்கு வலப்புற மௌனம் என்று பெயர். இடப்புறம் பேசுகிறது, வலப்புறம் கேட்கிறது. முழுமை கடவுளுக்கே உரியது என்று உணர்ந்த கிரேக்க மேதை அடக்கத்தோடு கையை எடுத்துக்கொண்ட இடம் அது. தண்டுக்கு மதிப்பெண் குறைவு. மௌனத்துக்குத்தான் அதிகம். அதன் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் வரையத் தெரிந்தவன்தான் பெரிய எஞ்சினியராகிறான். நீ அதன் மேல் சுருளைப் போட்டு அதன் வாயை அடைத்துவிட்டாய்."

இனி ஒரு தடவை சுருள் போட்டால் பரீட்சைக்கு விடமாட்டோம் என்று எச்சரித்து உட்கார வைத்தார்கள். புரட்டாசியில் பரீட்சை. மனோகரன் அன்று முதல் இடப்பக்கச் சுருளையும் வலப்பக்க மௌனத்தையும் போட்டுப் போட்டுப் பழகினான். பஸ்ஸில் போகும்போதும் விரல் தொடையில் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒரு சாயங்காலம் பச்சையம்மா கருவாட்டுப் பானையைத் திறந்தாள். உப்பில் அமுக்கிய மீன் மேலே எழும்பாமல் இருக்க மூடியின் மேல் ஒரு கல் இருக்கும். "இத்த கொஞ்சம் புட்ச்சிக்கோ" என்று அதை எடுத்து மகன் மடியில் வைத்தாள். அவன் பிறந்ததிலிருந்து வீட்டில் கிடந்த கல். உப்பும் எண்ணெயும் ஏறிப் பழுப்பாகியிருந்தது. மனோகரனின் விரல் தன் பாட்டுக்கு அதன் மேல் ஓடியது. ஓடி, வளைந்து, உள்ளே போய், இன்னும் உள்ளே போய், நடுக்குமிழில் வந்து நின்றது. அவன் குனிந்து பார்த்தான்.

இது ஏது என்று கேட்டான். கட்டுமரம் உடைந்துபோன வருஷம் அவன் அப்பா தாமோதரன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போயிருந்ததை அவள் சொன்னாள். "கிரேன்லேர்ந்து ஒரு பொட்டி வுழுந்திச்சாம். அதுலேர்ந்து தெறிச்சி வந்திச்சாம் இது. தொரை பாத்துட்டு வோணாம்னு காலால தள்ளிட்டான். ஒங்க நைனா தூக்கிகினு வந்துட்டாரு. நல்ல கனம், பானைக்கு ஆச்சே."

மறுநாள் மனோகரன் கல்லைத் துண்டில் சுற்றிக் கலாசாலைக்கு எடுத்துக்கொண்டு போனான். முதல்வர் சந்தோஷப்படுவார் என்று உண்மையிலேயே நினைத்தான். நாவல்களில், தொலைந்து போனது திரும்பக் கிடைக்கும் அத்தியாயத்தில் எல்லாரும் கட்டிக்கொண்டு அழுவார்கள். கிரேன் கதையைச் சொல்லிக் கல்லைக் கொடுத்தான். சுயம்பு ஏணியைப் பிடிக்க, தேவப்பிரியமே ஏறிக் கல்லை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். மேடு பள்ளத்தில் இறங்கியது, பள்ளம் மேட்டை வாங்கிக்கொண்டது. மயிரிழை இடம் இல்லை. அவர் இறங்கி வந்து, கதவைச் சாத்தச் சொன்னார்.

"பொருந்துகிறது" என்றார். "அதை நான் மறுக்கவில்லை. பொருந்துவதெல்லாம் சேர்ந்ததாகிவிடுமா, தம்பி? நான் எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். உன் எஞ்சினியர் என் மாணவர். அவருடைய மேலதிகாரி என் மாணவர். மௌனத்தைப் பற்றி நான் ஒரு புத்தகம் எழுதி அச்சில் இருக்கிறது. இதெல்லாம் ஒரு கிரேன்காரனின் கைத்தவறு என்று நாளைக்கு ஊர் பேசினால்? இளம் நாடு, தம்பி. தாங்காது."

விசாரணைக்கு ஒரு கமிட்டி கூடியது. கல்லைக் கமிட்டி எடுத்து வைத்துக்கொண்டது. கலாசாலையின் கல் என்றால் உடைந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கலாசாலையின் கல் இல்லை என்றால் அது ஏன் பொருந்துகிறது என்று சொல்ல வேண்டும். கமிட்டி காப்பி குடித்துக்கொண்டே தயங்கியது. முடிவு தெரிகிற வரை மனோகரன் பரீட்சை எழுத முடியாது என்று மட்டும் தீர்மானமாயிற்று. புரட்டாசி நெருங்கிக்கொண்டிருந்தது. எண்ணூர்ப் பக்கம் வானம் சாயங்காலங்களில் கறுத்தது. பச்சையம்மாவின் இருமல் கூடியது.

கமிட்டிக்கு வழி காட்டியவள் பச்சையம்மாதான். கல் இல்லாமல் பானை மூடியைப் பூனை தள்ளிவிட்டது. அவள் மீன் கூடையோடு நேராகக் கலாசாலைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அவளுக்குச் செருப்பு இல்லை என்று தெரிந்ததும் உள்ளே விட்டார்கள். "என் கல்ல குடு சாரு" என்றாள். "ஒரு பான கருவாடு பேஜாரா பூட்ச்சி."

தேவப்பிரியத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை. "அம்மா, இந்தக் கல் உங்கள் வீட்டில் என்னவாக இருந்தது என்பதைக் கமிட்டிக்குத் தெரிவிக்க வேண்டும்."

"கருவாட்டு பான மேல கீற கல்லு."

"வேறு எதுவாகவும் இருந்ததில்லையே?"

"காத்தடிச்சா கதவுக்கு முட்டு குடுப்பேன்."

கமிட்டி அங்கத்தினர்கள் கல்லை ஒவ்வொருவராக வாங்கி முகர்ந்து பார்த்தார்கள். கிரேக்கக் கல்லில் கருவாட்டு வாசனை வராது என்று ஏகமனதாக முடிவாயிற்று. அது பொருந்தியது தற்செயல். ஒரு சின்னச் சம்பிரதாயம் மட்டும் பாக்கி இருந்தது. கல்லைக் கொண்டுவந்தவனே அது என்ன கல் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டால், பரீட்சைக்கு உட்காரத் தடையில்லை.

மனோகரன் தூணைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். அம்மா கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, வாயைப் பொத்தி, மெதுவாக இருமினாள்.

"கருவாட்டுக் கல்லுதான் சார்" என்றான்.

கமிட்டி கைதட்டியது. டிராம் ரோட்டில் திரும்பி நடக்கும்போது அவன் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தான். "இன்னாத்துக்கு மூஞ்ச தொங்க போட்டுகினு வர்றே?" என்றாள் பச்சையம்மா. "அவுனுங்க தூண அவுனுங்க வெச்சிக்கட்டும். எனக்கு பானைக்கு கல்லு கெட்ச்சிது. ஒனக்கு பரீட்ச கெட்ச்சிது. தலைக்கு மேல ஓலைய போட்டு குடு, அத்தோட சரி."

பரீட்சையில் மனோகரன் முதலாவதாகத் தேறினான். வலப்புற மௌனத்தின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் இவ்வளவு துல்லியமாக இதுவரை யாரும் வரைந்ததில்லை என்று பரீட்சகர் எழுதியிருந்தார். காரணம் இருந்தது. அதன் எதிர்ப்பாதி வீட்டில் பானை மேல் இருந்தது. அதைப் பார்த்துப் பழகியிருந்தான்.

சான்றிதழோடு ஓடிப்போய் எஞ்சினியர் முன் நின்று கொட்டகை வரைபடத்தில் கையெழுத்துப் போட்டான். எஞ்சினியர் சான்றிதழைப் படித்தார். பீடம், தண்டு, தலை, உத்தரம் ஆகியவற்றில் தேறியிருக்கிறான். எந்த உறுப்பில் தேறினானோ அந்த உறுப்பு வரைக்கும்தான் அவன் கையெழுத்து செல்லும் என்றார். கூரைக்குக் கூரைச் சான்றிதழ் வேண்டும். அது எங்கே கொடுக்கிறார்கள் என்று மனோகரன் கேட்டான். எங்கும் கொடுப்பதில்லை, மாதிரி இல்லை என்றார் எஞ்சினியர். அவரும் டோல்கேட்டில் படித்தவர்தானே. அப்படியானால் கொட்டகை வேண்டாம் சார் என்றான். அது முடியாது. கையெழுத்து விழுந்துவிட்டது. ஒரு தடவை விழுந்த கையெழுத்தை இலாகா மதிக்காமல் இருந்ததில்லை.

வேலை பயங்கர வேகத்தில் நடந்தது. ஏனென்றால் தூண்கள் தயாராக இருந்தன. எர்ணாவூரில் ஒரு துரை மாளிகை கட்ட நினைத்து, கட்டாமலே கப்பலேறிவிட்டிருந்தார். கலாசாலையில் தேறியவர் வரைந்தபடி அவருக்காகச் செய்த நான்கு தூண்கள் மண்ணில் கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து கடலைப் பார்க்க மூலைக்கு ஒன்றாக நிறுத்தி, மேலே உத்தரத்தை ஏற்றினார்கள். நான்குக்கும் இடப்பக்கம் சுருள், வலப்பக்கம் மௌனம். அதற்கு மேல் வானம்.

ஐப்பசியில் திறப்பு விழா. மூங்கில் நட்டு வளைவு கட்டியிருந்தார்கள். மீன்காரப் பெண்கள் கூடைகளோடு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பச்சையம்மாவுக்குப் பக்கத்தில் மீன் விற்கும் கன்னியம்மா, "யக்கா, ஒம் புள்ள கட்ன வூட்ல நட்சத்திரம்லாம் நல்லா தெரியும்" என்றாள். பச்சையம்மா மகன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, கன்னியம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படகுகள் பக்கம் போனாள்.

தேவப்பிரியம் வலது முன் தூணின் அடியில் நின்று பேசத் தொடங்கினார். தூறல் விழுந்தது. சுயம்பு அவருக்குக் குடை பிடித்தான். "சகோதரிகளே, நீங்கள் கூரை கேட்டீர்கள். நாங்கள் அதைவிட உயர்ந்ததைக் கொடுத்திருக்கிறோம். கூரை பார்வையை மறைக்கும்." மழை வலுத்தது. அவர் கிரேக்கத்துக்குப் போய்விட்டிருந்ததால் கவனிக்கவில்லை.

அதற்குள் பெண்கள் ஒரு பழைய கட்டுமரப் பாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். இலாகாவை யாரும் கேட்கவில்லை. கன்னியம்மாவின் தம்பி உத்தரத்தில் ஏறிப் பாயை விரித்தான். இடப்பக்கத்து இரண்டு மூலைக் கயிறுகளும் சுருளில் மாட்டி நன்றாக நின்றன. வலப்பக்கத்துப் பின் மூலையை விழா மூங்கிலில் கட்டினார்கள். முன் மூலையில் கயிறு மாட்ட வேண்டிய வெளிப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. கயிற்றைச் சுற்றிப் பார்த்தான், மௌனத்தில் அது நிற்கவில்லை. வழுக்கியது. பாயில் தேங்கிய தண்ணீர் அத்தனையும் அந்த மூலை வழியாகத் தேவப்பிரியத்தின் மேல் இறங்கியது. குடை கவிழ்ந்தது. உரை, முழுமை கடவுளுக்கே என்ற இடத்தில் நின்றது.

மனோகரன் கயிற்று நுனியைப் பாய்ந்து பிடித்தான். காற்று அவனையும் சேர்த்து இழுத்தது. கைத்தோல் உரிந்தது. விட்டால் பாய் கடலுக்குப் போய்விடும். "வுட்றாத, தோ வந்துட்டேன்" என்று அம்மாவின் குரல் கேட்டது. அவள் மழையில் வீட்டுக்கு ஓடி, திரும்பி ஓடி வந்தாள். கையில் கல். கயிற்றில் அதை இறுக்கிக் கட்டி, உத்தரத்தின் மேல் போட்டு வெளிப்பக்கம் தொங்கவிட்டாள். கல் ஆடியது. ஆடி, மெதுவாகி, தூணின் வலப்பக்கத்தில், சொரசொரப்பான அந்த இடத்தை ஒட்டி வந்து நின்றது. பாய் விறைத்து நின்றது. பெண்கள் கூடைகளை உள்ளே நகர்த்திக்கொண்டார்கள். பச்சையம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையைப் பிழிந்தாள்.

தேவப்பிரியம் கொட்டுகிற தண்ணீரைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் அந்தக் கல்லையே பார்த்தார். மனோகரன் அவர் முகத்தைப் பார்த்தான். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தான்.

அடுத்த வாரம் அவர் மாணவர்களை அழைத்துக்கொண்டு வந்தார். மழை சற்றே விட்டிருந்தது. பாய், கயிறு, தொங்கும் கல் ஆகியவை கலாசாலையின் பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத அமைப்பு இது என்று அவர் விளக்கினார். கல் தூணை ஒட்டியிருக்கிறது, ஆனால் தொடவில்லை. தொடும்படி வரைபவனுக்கு மதிப்பெண் கிடையாது. முன் வரிசையில் மணலில் உட்கார்ந்திருந்த லட்சுமணன் தொடவில்லை, தொடவில்லை என்று முணுமுணுத்தபடி பென்சிலைச் சீவினார். பிறகு தேவப்பிரியம் பச்சையம்மாவிடம் குனிந்து, மிகுந்த மரியாதையுடன், பரீட்சை முடியும் வரை கல்லை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

பச்சையம்மா ஒரு வஞ்சிரத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தாள்.

"மழை வுட்டா நான் அத்த அவுத்துகினு வூட்டுக்கு பூடுவேன் சாரு" என்றாள். "பானை தொறந்து கெடக்குது. அதுக்குள்ளார வரஞ்சிக்க சொல்லு."